எபிசோட் 37: கூரையைப் பார்த்து காசு கொடுத்த கதை

"ஏழைங்க கையில காசா கொடுத்தா குடிச்சே தீர்த்துடுவாங்க." இந்த வாக்கியத்தை நீங்க ஆபீஸ் கேன்டீன்லயோ, கல்யாணப் பந்தியிலயோ, குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயோ கண்டிப்பா கேட்டிருப்பீங்க. 2023 செப்டம்பர் 15-ம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கினப்ப, மாசம் 1,000 ரூபாயை வெச்சு எவ்வளவு சண்டை நடந்துச்சு! ஒரு கோடிக்கும் மேல பெண்களுக்கு அந்தப் பணம் போகுது. ஒரு பக்கம் "இலவசம்"னாங்க, இன்னொரு பக்கம் "உரிமை"ன்னாங்க. ரெண்டு பக்கமும் பேசினது பெரும்பாலும் அரசியல். அந்தக் காசு வீட்டுக்குள்ள போன பிறகு என்ன ஆகுதுன்னு யாரும் பேசலை.

இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். ஆனா நம்ம ஊரை வெச்சு இல்லை. இந்தக் கேள்வியை உலகத்துலயே ரொம்ப விடாப்பிடியா சோதிச்சுப் பார்த்த இடம் ஒண்ணு இருக்கு. மேற்கு கென்யா. விக்டோரியா ஏரிக்கரையை ஒட்டின சியாயா மாவட்டம். பேர் புதுசா இருக்கலாம், ஆனா ஒபாமாவோட அப்பாவின் சொந்த ஊர் அந்த மாவட்டத்துலதான் இருக்கு.

முதல்ல ஆளுங்களைச் சொல்லிடறேன். ஹார்வர்டிலும் எம்ஐடியிலும் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த பால் நீஹாஸ், மைக்கேல் ஃபே, ஜெரமி ஷாப்பிரோ, ரோஹித் வாஞ்சூ என்ற நான்கு பேர் சேர்ந்து கிவ்டைரக்ட்லி என்று ஒரு தொண்டு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். யோசனை ரொம்பச் சின்னது. வெள்ளைக்காரன் ஒரு மாட்டை வாங்கி ஆப்பிரிக்காவுக்குக் கொடுக்கிறான், தையல் மெஷின் கொடுக்கிறான், பயிற்சி முகாம் நடத்துறான். அதுக்கு ஜீப், அதிகாரி, ஹோட்டல் ரூம்னு நடுவுல ஏகப்பட்ட செலவு. அந்த மொத்தத்தையும் எடுத்துட்டு, காசை நேரா அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துட்டா என்ன? நிபந்தனை கிடையாது. இதுக்குத்தான் செலவு பண்ணணும்னு கிடையாது. திருப்பியும் தர வேண்டாம்.

இது சாத்தியமானதுக்குக் காரணம் எம்-பெசா. நாம யுபிஐ பத்திப் பெருமைப்படறோம், பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனா கென்யாவுல 2007 மார்ச்லயே சஃபாரிகாம் கம்பெனி எம்-பெசாவை விட்டுடுச்சு. ஸ்மார்ட்போன் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், பேங்க் அக்கவுன்ட் கூட வேண்டாம். பட்டன் போன்ல சிம் மெனுவுக்குள்ள போய் பணம் அனுப்பலாம். ஊர்ல இருக்குற பெட்டிக்கடைதான் ஏடிஎம். கடைக்காரர்கிட்ட போனைக் காட்டினா ரொக்கம் எடுத்துத் தருவார். "பெசா"ன்னா சுவாஹிலியில பணம். நம்ம "பைசா"தான் கடல் தாண்டிப் போய் பெசா ஆகியிருக்கு.

சரி, அனுப்ப வழி இருக்கு. யாருக்கு அனுப்புறது? இங்கதான் எனக்குள்ள இருக்குற இன்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தான். வருமானச் சான்றிதழ் கேட்டா, அந்த ஊர்ல யார்கிட்டயும் சம்பள சீட்டு கிடையாது. அதனால அவங்க கூரையைப் பார்த்தாங்க. புல் வேய்ந்த கூரையா, தகரக் கூரையா? கொஞ்சம் காசு கையில சேர்ந்த உடனே அங்க எல்லாரும் முதல்ல செய்யறது கூரையை மாத்தறதுதான். அதனால இன்னும் புல் கூரையில இருந்தா, அந்த வீட்ல காசு இல்லைன்னு அர்த்தம். பொய் சொல்ல முடியாத டேட்டா. வானத்துல இருந்து பார்த்தாக்கூடத் தெரியும், தகரம் பளபளக்கும், புல் பழுப்பா இருக்கும். செயற்கைக்கோள் படத்தை மெஷின் லேர்னிங் வெச்சு எண்ணி, எந்தக் கிராமத்துல புல் கூரை அதிகம்னு கண்டுபிடிக்கிற முயற்சியும் நடந்துச்சு. நம்ம உரிமைத் தொகைக்கு நிலம் எவ்வளவு, வருஷத்துக்குக் கரன்ட் எத்தனை யூனிட்னு பார்த்தாங்க இல்லையா, அதே சிக்கலுக்கு வேற ஒரு விடை.

இப்ப ஒரு குடும்பத்தை மனசுல வெச்சுக்குவோம். இது நிஜக் குடும்பம் இல்லை, ஆய்வுகள்ல வர்ற வீடுகளை வெச்சு நான் உருவாக்கினது. மண் சுவர், புல் கூரை. கணவன், மனைவி, நாலு பிள்ளைகள். கொஞ்சம் நிலத்துல மக்காச்சோளம். அது அறுவடைக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் எப்பவும் பஞ்சம். அப்ப கூலிக்குப் போகணும், கிடைச்சா. மழை வந்தா கூரை ஒழுகும். புல் கூரை நிலைச்சு நிக்காது, திரும்பத் திரும்பப் புல்லுக்கும் ஆளுக்கும் செலவு வைக்கும். ஏழையா இருக்குறதுக்கே தனியா காசு செலவாகுது பாருங்க. நம்ம ஊர்ல ஓலைக் கூரையில வளர்ந்தவங்களைக் கேளுங்க, அவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்த வீட்டு பட்டன் போன்ல ஒரு நாள் ஒரு மெசேஜ் வருது. மொத்தம் 1,000 டாலர், தவணையா. அப்போதைய கணக்குல நம்ம காசுக்கு 60,000 ரூபாய்க்கு மேல. அந்தக் குடும்பம் ஒரு வருஷம் முழுக்கச் செலவு பண்றதுல முக்கால் பங்கு அது.

குடிச்சாங்களா?

இல்லை. ஜோஹன்னஸ் ஹவுஷோஃபரும் ஜெரமி ஷாப்பிரோவும் சேர்ந்து நடத்தின முதல் பெரிய ஆய்வு 2016-ல் வெளியானது. குலுக்கல் முறையில் சில வீடுகளுக்குக் காசு, சில வீடுகளுக்கு இல்லை, பிறகு இரண்டையும் ஒப்பிட்டார்கள். நம்ம பாஷையில ஏ/பி டெஸ்ட். பணம் வாங்கிய வீடுகளில் சாப்பாட்டுச் செலவு கூடியது. ஆடு, மாடு, கோழி, தகரக் கூரை எனச் சொத்து கூடியது. சாராயத்துக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை. ஷாப்பிரோ அந்த நிறுவனத்தைத் தொடங்கினவர்ல ஒருத்தர்தானே, அவர் ஆய்வை எப்படி நம்பறதுன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவான்ஸும் அன்னா பொபோவாவும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே முடிவுதான். குடிக்கும் புகைக்கும் செலவு கூடவில்லை, பல இடங்களில் கொஞ்சம் குறைந்தே இருந்தது.

இன்னொரு விஷயம், யாரும் எதிர்பார்க்காதது. பணம் வந்த வீடுகள்ல பெண்கள் மேல விழுற அடி உதை குறைஞ்சுது. பணம் மனைவி பேர்ல போன வீட்லயும் சரி, கணவன் பேர்ல போன வீட்லயும் சரி. இதை நான் ரெண்டு தடவை படிச்சேன். பெண் கையில காசு இருந்தாதான் மாற்றம் வரும்னு நாம சொல்லிப் பழகிட்டோம். அதுல உண்மையும் இருக்கு. ஆனா நாளைக்கு என்ன பண்றதுங்கற பயம் வீட்டை விட்டுப் போறதே பாதிச் சண்டையை நிறுத்திடுதுன்னுதான் எனக்குப் படுது.

ஆனா எல்லாம் நல்லபடியா நடக்கலை. முதல்ல அக்கம்பக்கம். ஒரே கிராமத்துல உனக்கு வந்துச்சு, எனக்கு வரலைன்னா என்ன ஆகும்? ஆரம்ப ஆய்விலேயே, பணம் கிடைக்காத பக்கத்து வீட்டுக்காரர்களின் மனநிறைவு குறைந்தது பதிவாகியிருக்கிறது. அவங்க காசு எதுவும் இழக்கலை. ஆனா எதிர் வீட்டுத் தகரம் வெயில்ல மின்னுது, பார்த்துட்டே இருக்கணும். வயித்தெரிச்சல்னு கிண்டல் பண்ணாதீங்க. நம்ம டீம்ல ஒருத்தருக்கு மட்டும் ஹைக் வந்தா அன்னைக்கு லஞ்ச் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும்.

அப்புறம், வேண்டாம்னு சொன்னவங்க. 2015-ல் ஹோமா பே என்கிற பக்கத்து மாவட்டத்துக்குப் போனபோது, தகுதியான குடும்பங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் பணத்தை மறுத்துவிட்டார்கள். ஏன்னா யாரும் சும்மா காசு தர மாட்டாங்க, இது சாத்தான் காசு, பின்னாடி ஏதோ பலி கேப்பாங்கன்னு வதந்தி. சிரிக்கத் தோணும். ஆனா "உங்களுக்கு 60,000 ரூபாய் விழுந்திருக்கு, பேரை மட்டும் சொல்லுங்க"ன்னு உங்களுக்கு ஒரு கால் வந்தா நீங்க என்ன செய்வீங்க? பிளாக் பண்ணிட்டுத்தானே போவீங்க? அவங்களும் அதைத்தான் பண்ணாங்க.

திருட்டும் நடந்திருக்கு. கென்யாவுல இல்லை, காங்கோவுல. கிவ்டைரக்ட்லியோட சொந்த ஊழியர்களே உள்ளுக்குள்ள சேர்ந்து சுமார் 9 லட்சம் டாலரை மடை மாத்தினாங்க. அந்த நிறுவனமே 2023-ல் அதை வெளியே சொன்னது. குடும்பங்களுக்கான சிம் கார்டைப் பதிவு பண்ற வேலை ஊழியர்கள் கைக்குப் போன இடத்துலதான் ஓட்டை விழுந்துச்சு. அக்சஸ் கன்ட்ரோல் பத்தி நம்ம சீனியருங்க எதுக்கு அவ்வளவு கத்துறாங்கன்னு இப்பப் புரியும்.

இப்ப பெரிய ஆய்வுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். சியாயாவில் 653 கிராமங்கள். அதில் ஏறத்தாழ பாதிக்குப் பணம், மீதிக்கு இல்லை. 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர். டென்னிஸ் எக்கர், ஹவுஷோஃபர், எட்வர்ட் மிகுவேல், நீஹாஸ், மைக்கேல் வாக்கர் ஆகியோர் எழுதிய கட்டுரை 2022-ல் வந்தது. இந்த முறை அவர்கள் கேட்டது, காசு வாங்கின குடும்பத்துக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் இல்லை. ஊருக்கு என்ன ஆச்சு? ஒரே நேரத்துல அந்தப் பகுதியோட பொருளாதாரத்துல 15 சதவீதம் அளவுக்குப் பணத்தைக் கொட்டினா விலைவாசி எகிறாதா? பணவீக்கம்னு நம்ம மாமா ஒருத்தர் வாட்ஸ்அப்ல எழுதுவாரே, அது வராதா?

விலை ஏறியது சராசரியாக 0.1 சதவீதம். அதாவது ஏறவே இல்லைன்னு சொல்லலாம். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர்ல சுமார் 2.5 டாலர் அளவுக்குப் பொருளாதாரம் வளர்ந்துச்சு. காசு வாங்காத வீடுகளும் முன்னைவிட அதிகமா செலவு பண்ண ஆரம்பிச்சாங்க.

எப்படி? இந்த இடத்துலதான் கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். அந்த ஊர்ல மக்காச்சோளம் அரைக்கிற மாவு மில் ஒண்ணு இருக்கு. மில்காரர் காலையில இருந்து உட்கார்ந்திருக்கார். நாளைக்கு ரெண்டு மூணு பேர் வர்றாங்க. மெஷின் இருக்கு, ஆள் இருக்கு, சும்மா கிடக்கு. தையல்காரரும் அப்படித்தான், மோட்டார் பைக் டாக்சி ஓட்டுறவரும் அப்படித்தான். நாள்ல பாதி நேரம் காத்திருக்கறதுதான் வேலை. இப்ப ஊர்ல நூறு வீட்டுக்குக் காசு வருது. மில்லுக்குக் கூடுதலா இருபது பேர் வர்றாங்க. அவர் விலையை ஏத்த வேண்டியதில்லை, சும்மா கிடந்த மெஷினை ஓட்டினா போதும். அவருக்கு லாபம் வந்தா அவர் மீன் வாங்குறார், மீன்காரம்மா தன் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுறாங்க. சர்வர்ல சிபியூ 15 சதவீதம்தான் ஓடிட்டு இருக்குன்னா, டிராஃபிக் ரெண்டு மடங்கு ஆனாலும் லேட்டன்சி ஏறாது இல்லையா? அதேதான். 90 சதவீதத்துல ஓடுற சர்வர்னா கதை வேற. அதனால சென்னையில இதே மாதிரி காசு கொட்டினா இதே முடிவு வரும்னு நான் சொல்ல மாட்டேன். அங்க பொருளாதாரம் சும்மா கிடந்துச்சு. அதனால வேலை செஞ்சுது.

அந்தக் கிராமங்களுக்கே ஆய்வாளர்கள் மறுபடி போய், வீடு வீடா பிறப்பு இறப்புக் கணக்கு எடுத்தாங்க. அதோட முடிவு 2025 ஆகஸ்ட்ல வந்துச்சு. இதைப் பேசத்தான் இந்த எபிசோடையே எடுத்தேன்.

ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 48 சதவீதம் குறைந்திருந்தது. ஏறத்தாழ பாதி. ஐந்து வயதுக்குள் இறப்பதும் 45 சதவீதம் குறைந்தது. யாரும் மருந்து கொடுக்கலை, தடுப்பூசி முகாம் போடலை, தாய்மார்களுக்கு வகுப்பு எடுக்கலை. காசு கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

ரெண்டு காரணம் சொல்றாங்க. ஒண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போக முடிஞ்சுது. பிரசவ வலி வந்தா வண்டிக்குக் காசு, ஆஸ்பத்திரிக்குக் காசு. இருந்தா போவாங்க, இல்லைன்னா வீட்லயே. ரெண்டாவதுதான் என்னை உலுக்குச்சு. பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் மாதங்களில் அந்தப் பெண்கள் வேலை செய்த நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. யோசிச்சுப் பாருங்க. "சோம்பேறி ஆயிடுவாங்க"ன்னு சொல்றோமே, அந்த சோம்பேறித்தனம் கணக்குல எப்படித் தெரியும்? "பெண்களின் வேலை நேரம் குறைவு"ன்னுதான் தெரியும். எட்டு மாசக் கர்ப்பத்துல வெயில்ல குனிஞ்சு களை எடுக்காம, வீட்ல உட்கார்ந்திருந்தா ஒருத்தி. அவ குழந்தை பொழைச்சுது.

இது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. தமிழ்நாட்டுல 1987-லயே ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 300 ரூபாய் கொடுக்கிற திட்டம் வந்தது. பிரசவ நேரத்துல கூலிக்குப் போக முடியாம இழக்கிற வருமானத்துக்கு ஈடு. அதுதான் இன்னைக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமா வளர்ந்து, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோட சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புல நிக்குது. அந்த 300 ரூபாய்க்குப் பின்னாடி இருந்த கணக்கும் சியாயாவோட கணக்கும் ஒண்ணுதான்.

இதுல ரெண்டு கொக்கி இருக்கு, மறைக்கக் கூடாது. குழந்தைகள் பிழைத்தது பெரும்பாலும் மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அருகில் இருந்த வீடுகளில்தான். பக்கத்துல ஆஸ்பத்திரியே இல்லாத ஊர்ல காசு வெச்சு என்ன பண்றது? "எல்லாத்தையும் காசா கொடுத்துடுங்க, அரசாங்கம் ஒதுங்கிக்கட்டும்"னு சொல்ற கூட்டம் ஒண்ணு ட்விட்டர்ல இருக்கு, அவங்களுக்கு இந்த வரியை அனுப்பணும். ரெண்டாவது கொக்கி, பணம் நின்ற பிறகு குழந்தை இறப்பு பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. உகாண்டாவிலும் இப்படி ஒன்று நடந்தது. 2008-ல் தொழில் தொடங்க இளைஞர்களுக்கு மொத்தமாகப் பணம் கொடுத்தார்கள். நான்கு வருஷத்தில் வருமானம் 38 சதவீதம் கூடியிருந்தது. ஒன்பது வருஷத்தில் பணம் வாங்காதவர்களும் அவர்களை எட்டிப்பிடித்துவிட்டார்கள்.

அப்போ ஒரே தடவையா கொடுக்கிறதா, மாசா மாசம் கொடுக்கிறதா? இதையும் கென்யாவுலயே சோதிக்கிறாங்க. அபிஜித் பானர்ஜி, தவ்னீத் சூரி எல்லாம் இருக்கும் குழு. 44 கிராமங்களுக்கு மாதம் சுமார் 22 டாலர், 12 வருஷத்துக்கு. 80 கிராமங்களுக்கு அதே தொகை, 2 வருஷம் மட்டும். 71 கிராமங்களுக்கு அந்த 2 வருஷப் பணம் ஒரே தடவையில், சுமார் 500 டாலர். 100 கிராமங்களுக்கு எதுவும் இல்லை. 2023-ல் வந்த முதல்கட்ட முடிவில், மொத்தமாக வாங்கியவர்கள் கடை, தொழில் என்று நன்றாக முன்னேறியிருந்தார்கள். 2 வருஷம் மாதாமாதம் வாங்கியவர்கள் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் 12 வருஷக்காரர்களும் தொழிலில் நன்றாகவே வந்திருந்தார்கள். அவங்களும் மாசாமாசம்தானே வாங்குறாங்க, எப்படி?

சீட்டு! அவங்க சீட்டு போட்டிருக்காங்க மக்களே. பத்து இருபது பேர் சேர்ந்து மாசப் பணத்தை ஒண்ணாப் போட்டு, ஒவ்வொரு மாசம் ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கிறது. பன்னிரண்டு வருஷம் காசு நிச்சயமா வரும்னு தெரிஞ்சா தைரியமா சீட்டுல சேரலாம், கடைசி ஆள் வரைக்கும் ஏமாத்தாம கட்டுவாங்கன்னு நம்பலாம். ரெண்டு வருஷக்காரங்களுக்கு அந்த நிம்மதி இல்லை. இதைப் படிச்சப்ப எனக்கு நோபல் பரிசு வாங்கின பொருளாதார நிபுணர்களைவிட எங்க பெரியம்மாதான் ஞாபகம் வந்தாங்க. முப்பது வருஷமா தெருவுல சீட்டு பிடிக்கிறாங்க, ஒரு எக்செல் ஷீட் கிடையாது, நாற்பது பக்க நோட்டு ஒண்ணுதான்.

வேலை செய்றதைக் குறைச்சாங்களான்னு கேட்டா, மொத்த உழைப்பு குறையலை. கூலி வேலையில இருந்து சொந்தத் தொழிலுக்கு மாறியிருக்காங்க. 12 வருஷக் கணக்கு இன்னும் முடியலை, பணம் போயிட்டே இருக்கு.

அடுத்த எபிசோட் சீட்டு பத்தித்தான். ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு, தீபாவளிச் சீட்டு, ஓடிப்போன சீட்டு, எல்லாம். உங்க வீட்ல யாராவது சீட்டு பிடிச்சிருந்தாலோ, கட்டி ஏமாந்திருந்தாலோ ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஆள் பேரை மட்டும் சொல்லாதீங்க, எனக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை. வரட்டா.